அலமாரி ஸ்பீக்கர்: ஒரு வரலாறு

ஓரடி உயரம், அதைவிடக் குறைந்த அகலம், முகப்பில் ஒரு கூம்பு, அதற்கு மேலே ஒரு சிறு குமிழ். அலமாரி ஸ்பீக்கர் எனப்படும் இந்தப் பெட்டி வீட்டு ஒலிக்கருவிகளில் வயதில் இளையது. 1950களின் நடுப்பகுதி வரை, வீட்டில் நல்ல ஒலியில் இசை கேட்க விரும்பியவர் கூடத்தில் ஒரு பீரோ நிற்கும் இடத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்கியாக வேண்டும். பெட்டி சிறுத்ததும், விலை இறங்கியதும், வாங்கியவர்கள் தம் அறைகளில் கேட்டுச் சொன்ன தீர்ப்பு உற்பத்தியாளர்களின் போக்கை மாற்றியதும் அதற்குப் பிந்தைய எழுபது ஆண்டுகளில் நடந்தவை.

இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படை 1925ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரை, காந்தத்தின் இடுக்கில் அசையும் கம்பிச்சுருள் ஒரு காகிதக் கூம்பை முன்னும் பின்னும் தள்ளும் அமைப்பை விளக்கியது. கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது, அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றிவந்து கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அப்படி முதலில் மறைவது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி. பின்புற ஒலியை முன்புறத்துக்கு வரவிடாமல் தடுக்கத்தான் பெட்டி தேவைப்பட்டது. முற்றிலும் மூடினால் இன்னொரு சிக்கல் வந்தது: உள்ளே அடைபட்ட காற்று கூம்பை எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறிதாகச் சிறிதாக அந்த எதிர்ப்பு விறைக்கும், தாழ்ந்த ஒலி அறுபடும். பெட்டியில் ஒரு துளை வைத்து, பின்புற ஒலியின் ஒரு பகுதியைச் சரியான தருணத்தில் வெளியே விட்டுப் பேஸைக் கூட்டும் முறைக்கு 1932இல் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் காப்புரிமை பெற்றார். ஆனால் துளையின் அளவையும் பெட்டியின் கொள்ளளவையும் ஒத்திசைய வைப்பதற்கு நம்பகமான கணக்கு அப்போது இல்லை. அனுபவமும் ஊகமுமே வழிகாட்டின.

ஆகவே பெரிய பெட்டியே நல்ல பெட்டி என்பது பொது அறிவாக நிலைத்தது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஹோப் ஊரில் பால் கிளிப்ஷ் 1946 முதல் விற்ற கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலையில் பொருத்தப்பட்டு, இரு சுவர்களையே தன் கொம்பின் நீட்சியாகப் பயன்படுத்தியது. சில வாட் மின்திறனிலேயே வீடு அதிரும். வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் காலத்தில் இது பெரும் நன்மை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் துணி வணிகத்திலிருந்து வந்த கில்பர்ட் பிரிக்ஸ் 1932இல் வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கினார். இல்க்லி ஊரில் அவர் வீட்டு நிலவறையில் முதல் ஸ்பீக்கர்கள் உருவாயின. இரு மரப்பலகைகளுக்கு நடுவே மணலைக் கொட்டி, பெட்டியின் சுவர் தானே அதிராமல் அடக்குவது அவர் கையாண்ட உத்திகளில் ஒன்று. 1948இல் அவர் எழுதிய ஸ்பீக்கர் நூல், பொறியியல் படிக்காதவருக்கும் புரியும்படி இருந்ததால் பல பதிப்புகள் கண்டது. 1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மேடையிலேயே நேரடி இசையையும் பதிவையும் மாற்றி மாற்றி ஒலிக்கவைத்து அரங்கத்தாரிடம் தீர்ப்பை விட்டார். ஒலிக்கருவியின் தரத்தைச் சாதாரணக் கேட்பவரின் காதே முடிவுசெய்யும் என்று பொது மேடையில் நம்பிய முன்னோடிகளில் அவர் முக்கியமானவர்.

அதே 1954இல் பெட்டியின் அளவைப் பற்றிய நம்பிக்கை உடைந்தது. உடைத்தவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மறு உருவாக்கம் பற்றிப் பாடம் நடத்திவந்த எட்கர் வில்ச்சர். அன்றைய ஸ்பீக்கரில் கூம்பின் விளிம்பை விறைப்பான நெளிதாள் பிடித்திருந்தது. கூம்பு சற்று அதிகமாக அசைந்தால் அந்தத் தாளின் இழுவிசை சீராக இராது, ஒலி திரியும். வில்ச்சர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். மூடிய பெட்டியின் காற்று கூம்பை எதிர்க்கிறது என்றால் எதிர்க்கட்டும். காற்றின் எதிர்ப்பு தாளின் எதிர்ப்பைவிட மிகவும் சீரானது. விளிம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டு, கூம்பை நடுநிலைக்குத் திருப்பும் வேலையைப் பெட்டிக்குள் இருக்கும் காற்றிடமே ஒப்படைக்கலாம். முதல் சோதனைக்கு அவர் ஒரு ஸ்பீக்கரின் விளிம்பை வெட்டி எடுத்துவிட்டு மெத்தை உறைத் துணியைப் பொருத்தினார். இந்த ஏற்பாட்டில் பெட்டி சிறிதாக இருப்பது குறை அல்ல, தேவை. பெரிய பெட்டியில் அடைத்தால் காற்று போதுமான அளவு எதிர்க்காது.

ஏற்கெனவே ஸ்பீக்கர் செய்துவந்த நிறுவனங்கள் இந்த யோசனையை வாங்க முன்வரவில்லை. அவருடைய வகுப்பில் படித்த ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞருக்கு மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் ஒரு பட்டறை இருந்தது. இருவரும் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் (ஏ.ஆர்.) என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அந்த ஆண்டிலேயே வந்த ஏ.ஆர்.-1, சுமார் 64 செ.மீ. நீளமும் 36 செ.மீ. அகலமும் 29 செ.மீ. ஆழமும் கொண்டது. இன்றைய கண்ணுக்கு அது சிறிய பெட்டி அல்ல. ஆனால் தன்னைவிடப் பல மடங்கு பெரிய பெட்டிகளை விடத் தூய்மையான பேஸை அது தந்தது. வில்ச்சருக்கு 1956இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் வந்த ஏ.ஆர்.-3இல் உயர்ந்த ஒலிக்குக் கூம்புக்குப் பதிலாகச் சிறு குவிமாட வடிவத்தை அவர் பொருத்தினார். சிறிய குவிமாடம் ஒலியை எல்லாப் பக்கமும் பரப்பும். இன்று விற்கப்படும் அலமாரி ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றின் மேற்பகுதியில் இருக்கும் ட்வீட்டர் அதன் வழித்தோன்றலே.

சிறிய பெட்டி வீடுகளுக்குள் புகுந்ததற்கு இன்னொரு காரணம் ஸ்டீரியோ. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. ஒரு ஸ்பீக்கர் போதும் என்றிருந்த இடத்தில் இப்போது இரண்டு தேவை. கூடத்தின் ஒரு மூலையைப் பெரிய பெட்டிக்குக் கொடுத்திருந்த குடும்பம் இன்னொரு மூலையையும் கொடுக்கத் தயாராக இல்லை, பல வீடுகளில் கொடுக்க இன்னொரு மூலையும் இல்லை. ஏ.ஆர். நிறுவனம் 1957இல் ஏ.ஆர்.-2 மூலமும் 1960களின் நடுவில் ஏ.ஆர்.-4, 4எக்ஸ் மூலமும் விலையை இறக்கியது. தாழ்ந்த ஒலிக்கு 8 அங்குல வூஃபர் கொண்ட 4எக்ஸ் 60 டாலருக்கும் குறைவாக விற்றது. கல்லூரி விடுதிகளிலும் புதுமணத் தம்பதியரின் வாடகை வீடுகளிலும் இடம்பிடித்த முதல் தரமான ஸ்பீக்கர்களில் ஒன்று என்று அதைச் சொல்லலாம். 1966 வாக்கில் அமெரிக்க ஸ்பீக்கர் விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே நிறுவனத்திடம் இருந்தது.

க்ளாஸ் 1957இலேயே பிரிந்துபோய், மால்கம் லோ, ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன் ஆகியோருடன் கே.எல்.எச். நிறுவனத்தை அமைத்தார். பியானோ மேதை ஜோசஃப் ஹாஃப்மனின் மகனான இந்த ஹாஃப்மன் வகுத்த விதி இன்றும் ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எல்லோரும் மனத்தில் வைத்திருப்பது. ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த மின்திறனில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும், மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஏ.ஆர். விட்டுக்கொடுத்தது மூன்றாவதை. கிளிப்ஷ்ஹார்னுக்குச் சில வாட் போதும் என்றால் அதே உரப்புக்கு இந்தச் சிறு பெட்டிகள் பத்து மடங்குக்கும் மேலான திறனைக் கேட்டன. அந்தத் திறனை மலிவாகத் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் 1960களில் பரவியிராவிட்டால் அலமாரி ஸ்பீக்கர் வசதியுள்ளவரின் பொருளாகவே நின்றிருக்கும்.

வாங்கியவர்களை நிறுவனம் நடத்திய விதமும் புதியது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஏ.ஆர். ஓர் அறை அமைத்தது. அங்கே எதுவும் விற்பதில்லை. ரயிலுக்குக் காத்திருப்பவர் உட்கார்ந்து இசை கேட்கலாம், கேள்வி கேட்கலாம், எழுந்து போகலாம். ஆனாலும் கேட்டவர் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஏ.ஆர்., கே.எல்.எச். உள்ளிட்ட பாஸ்டன் வட்டார ஸ்பீக்கர்களில் பேஸ் அருமை, ஆனால் மேலொலி அடங்கிப்போயிருக்கிறது என்றனர் ஒரு சாரார். லாஸ் ஏஞ்சலிஸ் திரையரங்க மரபிலிருந்து வந்த ஜே.பி.எல். ஸ்பீக்கர்களில் இசை முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது, ராக் இசைக்கு அதுதான் சரி என்றனர் மறுசாரார். கிழக்குக் கரை, மேற்குக் கரை என்ற இந்தப் பிரிவினை 1970கள் முழுக்கத் தொடர்ந்தது. இரண்டு சாராரும் தாம் கேட்டதைத்தான் சொன்னார்கள். பெட்டிகளே வேறு வேறு சமநிலையில் செய்யப்பட்டிருந்தன. எது சரி என்று அளக்கப் பொதுவான முறை அப்போது இல்லை.

உரிமையாளர்கள் பல ஆண்டு கழித்துக் கண்ட குறை ஒன்றையும் பதிய வேண்டும். 1970 வாக்கில் துணி விளிம்புகளுக்குப் பதிலாக பாலியூரித்தேன் நுரை விளிம்புகள் பரவின. கூம்பு எளிதாக அசைந்தது, செலவும் குறைந்தது. ஆனால் பத்து, இருபது ஆண்டுகளில் காற்றின் ஈரமும் வெளிச்சமும் பட்டு அந்த நுரை பொடிந்து உதிர்ந்தது. க்ளாஸ் பின்னர் தொடங்கிய ஆட்வென்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஸ்பீக்கர்களை வைத்திருந்தவர்கள் விளிம்பைப் பெயர்த்துப் புதிய நுரை ஒட்டும் கைவேலையைத் தாமே கற்றுக்கொண்டார்கள். பழைய துணி விளிம்பு கொண்ட 4எக்ஸ் ஸ்பீக்கர்களில் பல இன்றும் விளிம்பு மாற்றாமலே பாடுகின்றன.

துளையிட்ட பெட்டிக்கான கணக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நெவில் தீல் என்ற பொறியாளர், ஸ்பீக்கரையும் பெட்டியையும் சேர்த்து ஒரு மின் வடிகட்டிச் சுற்றாகக் கருதிக் கணக்கிடலாம் என்று 1961இல் காட்டினார். அந்தக் கட்டுரை பத்தாண்டுகள் பரவலாகக் கவனிக்கப்படவில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து 1970களின் தொடக்கத்தில் தொடராக வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஒரு வூஃபரின் சில எண்களை அளந்துவிட்டால் அதற்கு ஏற்ற பெட்டியின் கொள்ளளவையும் துளையின் நீளத்தையும் தாளிலேயே கண்டுபிடிக்க முடியும் என்ற நிலை வந்தது. மலிவான சிறு ஸ்பீக்கருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. மரத்தை வெட்டி வெட்டிச் சோதிக்கும் செலவு ஒழிந்தது, சிறிய நிறுவனங்களும் சந்தைக்கு வந்தன.

இதே காலத்தில் சிறு பெட்டியின் இன்னொரு மரபு இங்கிலாந்தில் உருவானது. பி.பி.சி. வானொலியின் வெளிநிகழ்ச்சி வண்டிகளில் ஒலிப்பொறியாளருக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. ஸ்டுடியோவில் பயன்பட்ட பெரிய கண்காணிப்பு ஸ்பீக்கர்கள் அங்கே நுழையா. கிங்ஸ்வுட் வாரன் ஆய்வகத்தினர், அரங்கங்களின் ஒலியைச் சிறு மாதிரிகளில் ஆராய்வதற்காகச் செய்திருந்த ஒரு குட்டி ஸ்பீக்கரை அடிப்படையாக வைத்து எல்.எஸ்.3/5ஏ என்பதை உருவாக்கினர். உயரம் 30 செ.மீ., அகலம் 19 செ.மீ., ஆழம் 16 செ.மீ. இரு ஒலிப்பான்களும் கெஃப் நிறுவனத்திலிருந்து வந்தன. வார்ஃப்டேலில் பிரிக்ஸிடம் பணியாற்றிய ரேமண்ட் குக் 1961இல் மெய்ட்ஸ்டோனில் தொடங்கிய நிறுவனம் அது. வடிவமைப்பு பற்றிய ஆய்வறிக்கை 1976இல் வெளியானது.

பி.பி.சி. பொறியாளர்கள் அளவைகோலாக வைத்தது மனிதக் குரலை. ஸ்டுடியோவில் ஒருவர் பேசுவதை நேரில் கேட்டுவிட்டு, உடனே கட்டுப்பாட்டு அறைக்கு வந்து அதே பேச்சை ஸ்பீக்கரில் கேட்பார்கள். குரலில் மூக்கடைப்போ பெட்டியின் முனகலோ சேர்ந்தால் உடனே தெரிந்துவிடும், ஏனெனில் மனிதக் காது பிறந்தது முதல் பழகிய ஒலி அது. இதற்காகப் பெட்டியைக் கனத்த மரத்தில் செய்யாமல், மெல்லிய பலகையின் உட்புறம் அதிர்வடக்கும் தகடுகளை ஒட்டினார்கள். பலகையின் அதிர்வு குரலைக் கெடுக்காத தாழ்ந்த பகுதிக்கு இறங்கி அங்கேயே அடங்கிவிடும். ட்வீட்டரைச் சுற்றி ஒட்டிய கம்பளித் துணிப்பட்டை, பெட்டியின் ஓரங்களில் ஒலி மோதிச் சிதறுவதைக் குறைத்தது. ஆழ்ந்த பேஸ் இந்தப் பெட்டியிலிருந்து வராது, உரக்க வைத்தாலும் தாங்காது. அதை மறைக்காமல், குரல் பகுதியின் உண்மைக்காக மற்ற இரண்டையும் விட்டுக்கொடுத்த வடிவமைப்பு இது. உரிமம் பெற்று ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் முதலிய நிறுவனங்கள் செய்து விற்றன. வீட்டில் வாங்கிவைத்தவர்கள் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பாடுபவர் அறைக்குள் நிற்கிறார். விலை மலிவல்ல என்றாலும், ஓரடிப் பெட்டியிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்ற அளவுகோலை இதுவே நிறுவியது.

மலிவுச் சந்தையில் அந்த அளவுகோலைத் தொட முயன்றவை பல. அமெரிக்காவின் ரேடியோ ஷாக் கடைகளில் ரியலிஸ்டிக் என்ற பெயரில் விற்ற மினிமஸ்-7, வார்ப்பு அலுமினியத்தில் செய்யப்பட்டது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத பெட்டிக்குள் 4 அங்குல வூஃபரும் குவிமாட ட்வீட்டரும் இருந்தன. ஊர்தோறும் கடை இருந்ததால் ஆர்வலர் பலருடைய முதல் ஸ்பீக்கர் அதுவானது. ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் சுற்றைக் கழற்றித் தாமே திருத்தி அமைத்துப் பார்த்தவர்களும் உண்டு. யமஹா 1978இல் வீட்டு உபயோகத்துக்கென வெளியிட்ட என்.எஸ்.-10 வெண்கூம்பு ஸ்பீக்கர் வீடுகளில் எடுபடவில்லை, காதில் குத்துகிறது என்றார்கள். ஆனால் பதிவின் பிழைகளை அது ஒளிக்காமல் காட்டுகிறது என்று ஒலிப்பதிவுக் கூடங்கள் அதை எடுத்துக்கொண்டன. 2001இல் உற்பத்தி நிற்கும்வரை அது கூடங்களின் அடையாளமாக இருந்தது. வாங்குபவர் தரும் தீர்ப்பு அவர் எதற்காகக் கேட்கிறார் என்பதையும் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த வரலாற்றில் இல்லை.

பிரிட்டனில் வார்ஃப்டேல் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த டைமண்ட், ஜோடி நூறு பவுண்டுக்கும் கீழே விற்றது. பிரிக்ஸின் மணல் நிரப்பிய பலகைகளிலிருந்து வெகு தொலைவு வந்துவிட்ட குட்டிப் பெட்டி. பிரிட்டிஷ் வரிசை வீடுகளின் சிறிய அறைகளுக்கு அது பொருந்தியது. அந்தப் பெயரில் தலைமுறை தலைமுறையாக மாதிரிகள் இன்றுவரை வருகின்றன.

அந்தக் காலத்து உரிமையாளர்கள் கண்டறிந்த நடைமுறை அறிவு பெரும்பாலும் இடம் வைப்பதைப் பற்றியது. பெட்டியின் முகப்பு குறுகலாக இருப்பதால், ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மேற்பட்ட ஒலி முன்னே மட்டும் செல்லாமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவிவிடும். 20 செ.மீ. அகலப் பெட்டியில் இந்த மாற்றம் 500, 600 ஹெர்ட்ஸ் அளவிலேயே தொடங்குகிறது. பின்சுவர் அருகில் இருந்தால் அந்த ஒலி திரும்பிவந்து சேர்ந்து இசையின் கனத்தைக் கூட்டும். அளவுக்கு மிஞ்சி ஒட்டிவைத்தால், முக்கியமாகப் பின்புறத் துளையுள்ள பெட்டியில், பேஸ் வீங்கிக் குரலை மூடும். புத்தகங்களுக்கு நடுவே செருகியதைவிட, காது மட்டத்துக்கு ட்வீட்டர் வருமாறு கனமான இரும்புத் தாங்கியில் வைத்தால் தெளிவு கூடும் என்பதைக் கேட்டவர் பலரும் தாமாகவே கண்டுகொண்டார்கள். அலமாரிக்கென்று பெயர்பெற்ற ஸ்பீக்கர் அலமாரியை விட்டு இறங்கியது இப்படித்தான்.

கேட்பவரின் கருத்தை அறிவியலாக மாற்றியவர் கனடாவின் ஃப்ளாய்ட் டூல். ஒட்டாவாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில், திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்து, ஒலியளவைச் சமமாக்கி, பலரைக் கேட்கவைத்தார். 1985, 1986இல் வெளியான முடிவுகள் பலரை வியக்கவைத்தன. கண்ணுக்கு மறைத்துவிட்டால் பல்வேறு மனிதர்களின் விருப்பம் பெரிதும் ஒத்துப்போகிறது. நேர்முகத்தில் ஒலி சமமாகவும் பக்கவாட்டில் சீராகக் குறைந்தும் செல்லும் ஸ்பீக்கரையே பெரும்பாலோர் தேர்கிறார்கள். பின்னர் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவுடன் செய்த ஆய்வை 1994இல் வெளியிட்டார். பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டால் அதன் உருவமும் விலையும் பெயரும் மதிப்பெண்களைக் கணிசமாக இழுக்கின்றன என்று அது காட்டியது. சிறிய, மலிவான பெட்டிக்கு இது நீதி செய்த ஆய்வு. ஆலிவ் 2004இல் வகுத்த கணக்கோ அதே பெட்டியின் நிலையான குறையையும் எண்ணில் சொன்னது: விருப்பத்தில் சுமார் 30 விழுக்காட்டைத் தாழ்ந்த பேஸ் எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதே தீர்மானிக்கிறது. கனடாவில் பால் பார்ட்டனின் பி.எஸ்.பி. போன்ற நிறுவனங்கள் அந்த மன்றத்தின் எதிரொலியற்ற அறையை வாடகைக்கு எடுத்துத் தம் மலிவு மாதிரிகளை அங்கேயே அளந்து செய்தன.

1990களில் உற்பத்தி கிழக்கே நகர்ந்தது. கெஃப் 1992இல் ஹாங்காங்கின் கோல்டு பீக் குழுமத்திடம் சென்றது. வார்ஃப்டேலும் அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஐ.ஏ.ஜி. குழுமத்தின் கைக்குப் போனது. கூம்பு, காந்தம், பெட்டி, வெனீர் எல்லாமே சீனத் தொழிற்சாலைகளில் ஒரே கூரையின் கீழ் உருவாயின. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையைக் கணினி வெட்டும் இயந்திரங்கள் வளைவாகவும் செதுக்கின. பழைய பிரிட்டிஷ் பட்டறைகளில் ஒரு ஜோடிக்குக் கூலியாகவே போயிருக்கும் தொகையில் இப்போது முழு ஸ்பீக்கர் கிடைத்தது.

இந்தச் சூழலை நன்றாகப் பயன்படுத்தியவர் ஆண்ட்ரூ ஜோன்ஸ். கெஃப், இன்ஃபினிட்டி நிறுவனங்களில் பணியாற்றிய பிரிட்டிஷ் இயற்பியலாளர். பயனியரின் டாட் பிரிவில் பல பத்தாயிரம் டாலர் விலையுள்ள ஸ்பீக்கர்களை வடிவமைத்தவர், 2012இல் அதே நிறுவனத்துக்காகச் செய்த எஸ்.பி.-பி.எஸ்.22 ஜோடி 130 டாலருக்கு விற்றது. 4 அங்குல வூஃபர், வளைந்த பெட்டி, அந்த விலைக்கு அரிதான முழுமையான கிராஸ்ஓவர். கிராஸ்ஓவரில் சிக்கனம் பிடித்து ஒரே ஒரு மின்தேக்கியோடு நிறுத்திவிடுவது மலிவு ஸ்பீக்கர்களின் வழக்கமான பாவம். அதைச் செய்ய மறுத்ததில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. 1926இல் ஜெர்மனியின் கீல் நகரில் தோன்றிய எலாக் நிறுவனத்துக்காக 2015இல் அவர் செய்த டெபூ பி6, 280 டாலருக்கு 6.5 அங்குல வூஃபர் தந்தது. வாங்கியவர்களின் பொதுவான கருத்து: பேஸும் குரலும் விலைக்கு மீறியவை, ஆனால் ஒலி சற்று மந்தம், தரமான ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் உயிர் வராது. பின்னர் வந்த 2.0 வரிசையில் பெட்டியும் ஒலிப்பான்களும் மாற்றப்பட்டன.

இப்போதைய மலிவு ஸ்பீக்கர்களில் ஆம்ப்ளிஃபயரைப் பெட்டிக்குள்ளேயே வைப்பவை பெருகிவருகின்றன. உள்ளே இருக்கும் கணினிச் சில்லு, மெதுவாகக் கேட்கும்போது 5 அங்குல வூஃபரிடமிருந்து 50 ஹெர்ட்ஸ் வரை பேஸை இழுத்துத் தருகிறது. ஒலியைக் கூட்டும்போது, கூம்பு தன் எல்லையைத் தாண்டாதபடி அந்தப் பேஸை மட்டும் படிப்படியாகக் குறைக்கிறது. ஒவ்வொரு எண்மம் (ஆக்டேவ்) கீழே இறங்கவும் கூம்பு நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும் என்ற இயற்கைக் கணக்கு மாறவில்லை. எந்த ஒலியளவில் எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவை மட்டும், வடிவமைப்பாளர் ஒருமுறை எடுத்து வைப்பதற்குப் பதிலாக, இப்போது பெட்டி நொடிக்கு நொடி எடுக்கிறது.